கதிரை ஏன் அங்கே இருந்தது?

எங்கட ஊரில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் அதற்கு ஒரு சொல்தான் இருக்கிறது: யோசனை. “ஆள் இப்ப நல்லா யோசிக்குது” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் ஏதோ கண்டுபிடிக்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. இரவில் நித்திரை இல்லை, சோறு இறங்குவதில்லை, ஆரோடும் கதை பேச்சில்லை என்று அர்த்தம். அதற்கு மருந்தும் ஒன்றுதான். வருகிறவர் போகிறவர் எல்லாரும் “யோசிக்காதைங்கோ” என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

2022இல் நானும் நல்லா யோசித்தேன். அந்த நேரம் எனக்குக் கை கொடுத்த சில சின்னப் பயிற்சிகளின் கதைதான் இது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எனக்கு ஒரு சின்னக் கடை. கொப்பி, பேனை, போட்டோக் கொப்பி, லமினேட்டிங். அந்த வருடம் கடதாசி விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடச் சோதனையையே தள்ளிப் போட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் இல்லாத போட்டோக் கொப்பிக் கடைக்காரன் என்ன செய்வான்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இலையான் கலைப்பான். மெஷினுக்கு எடுத்த லோன் மட்டும் கரண்ட் இருக்கோ இல்லையோ மாதம் பிறந்தால் வந்து நிற்கும். வீட்டில் மகன் வெளிநாடு போகிற அலுவல் பார்க்கத் தொடங்கியிருந்தான். நான் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. கதைக்காமலே விட்டுவிட்டேன். அது சண்டையை விட மோசம் என்று மனைவி பேந்து சொன்னா.

பிரஷர் கிளினிக்கில் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டினார்கள். மூன்றாம் முறை அந்தப் பெண் டொக்டர் துண்டை எழுதாமல் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, நித்திரை எப்பிடி?” என்று கேட்டா. ஒரு கேள்விதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உளவளத்துணையாளர் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லித் துண்டு தந்தா.

மனைவிக்கு இரத்தம் சோதிக்கப் போறன் என்று பொய் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனேன். தெரிந்த முகம் ஏதாவது எதிரில் வந்தால் இரத்தப் பரிசோதனைப் பக்கம் திரும்பி நடப்பது என்று முதலே தீர்மானம். வந்தது. நடந்தேன். இரத்தம் குத்துகிறவர்களின் வரிசையில் அரை மணித்தியாலம் சும்மா நின்றுவிட்டுத்தான் திரும்பிப் போனேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த விஷயத்தில் எங்களுக்குள் இருக்கிற பெரிய கஷ்டம் பயிற்சி செய்வது இல்லை, அந்தக் கதவு வரைக்கும் நடந்து போவதுதான்.

உளவளத்துணையாளர் ஒரு பெண் பிள்ளை, எனக்கு மகள் மாதிரி வயது இருக்கும். நிறையக் கேட்டா, கொஞ்சம் எழுதினா. கடைசியில், “ஐயாவுக்கு எழுதப் பிடிக்குமோ?” என்றா.

“கொப்பி விக்கிறனான் பிள்ளை. எழுதுறேல்லை.”

“அப்ப கொப்பிக்குச் செலவில்லை” என்று சிரித்தா.

உண்மைதான். கடையில் 2021ஆம் ஆண்டு டயறி 17 விற்காமல் கிடந்தது. கொரோனாக் காலத்தில் ஊரே பூட்டிக் கிடந்தபோது டயறி ஆருக்கு வேணும்? கிலோக் கணக்கில் போடவும் மனமில்லாமல் மேல் தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்தேன். திகதி சரியாக இருக்கும், கிழமை பிழைக்கும். வெள்ளிக்கிழமை என்று அச்சடித்த பக்கத்தில் சனிக்கிழமை நடந்ததை எழுதுவேன். போகப் போக அதுவும் பழகிவிட்டது.

பயிற்சி இதுதான். இரவு படுக்க முதல், அன்றைக்கு நடந்த நல்ல விஷயம் மூன்றை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஏன் நடந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு கிழமை, ஏழு நாள் மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஆட்களின் மனச்சோர்வு குறைந்தும் மகிழ்ச்சி கூடியும் இருந்ததாம். அதிலும், கிழமை முடிந்த பிறகும் தங்கள் பாட்டில் எழுதிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பலன் நிலைத்திருக்கிறது.

நான் முதல் கிழமை எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். “1. கரண்ட் வந்தது. 2. மத்தியானம் மீன் குழம்பு. 3. ஒண்டும் இல்லை.” ஏன் என்கிற இடத்தில் முதலாவதுக்கு, “மின்சார சபைக்காரன் விட்டவன்.” இரண்டாவதுக்கு, “மீன் வாங்கினது.” கணக்குப் புத்தகம் மாதிரி எழுதி முடித்துவிட்டு, இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அந்தப் பிள்ளை நல்லவற்றைப் பார்க்கவே இல்லை. ஏன் என்கிற வரிகளை மட்டும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தா. “மீன் வாங்கினது எண்டு போட்டிருக்கிறியள். ஆர் வாங்கினது?” மனைவி. “பெற்றோலும் இல்லாமல் எங்கை போய் வாங்கினவ?” எனக்குத் தெரியவில்லை. “அதைக் கேட்டு எழுதுங்கோ.”

அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கரண்ட் போனது. வழக்கம்போல வாசலுக்கு வந்தேன். வேப்பமரக் காற்று. உட்கார்ந்தேன். இரவு டயறியில், “கரண்ட் இல்லாத நேரம் வாசலில் காத்து நல்லா இருந்தது” என்று போட்டுவிட்டு ஏன் என்று பார்த்தால், கதிரை அங்கே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்தேன். அந்தக் கதிரை கடைக்குள் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற பழைய பிளாஸ்டிக் கதிரை. அது எப்படி வாசலுக்கு வந்தது?

மனைவியிடம் கேட்டேன். குசினியில் லாம்பு வெளிச்சத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தா. திரும்பாமலே சொன்னா: “கரண்ட் போன உடனை வாசலுக்கு வந்து தூணைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். கால் வீங்கும் எண்டு நான்தான் மத்தியானமே கொண்டு வந்து வைக்கிறனான். பத்துப் பன்ரெண்டு நாளாச்சு.”

பத்துப் பன்ரெண்டு நாள் நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று முதல்தான் நான் உண்மையாக எழுதத் தொடங்கினேன். என் அனுபவத்தில் இந்தப் பயிற்சியின் சரக்கெல்லாம் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. நல்லது மூன்றை மட்டும் எழுதினால் அது பட்டியல். ஏன் என்று கேட்டால் அநேகமாக ஒரு ஆள் வந்து நிற்பார். இல்லாவிட்டால் நானே வந்து நிற்பேன், நான் செய்த ஏதோ ஒரு சின்ன வேலையால் அது நடந்திருக்கும். இரண்டுமே எனக்குத் தேவையாக இருந்தது. ஏனென்றால் அந்தக் காலம், எல்லாம் கெட்டுப் போகிறது, என் கையில் ஒன்றும் இல்லை, எனக்கு ஆரும் இல்லை என்ற மூன்றுந்தான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மீன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவ நடந்து போய்த் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கியிருக்கிறா. இரண்டு பேருக்குப் போதாத மீன். அன்று தனக்குச் சொதியோடு முடித்துக்கொண்டா என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. நல்லது என்று எழுதப் போய் வெட்கத்தில் முடிந்த நாளும் உண்டு.

செய்கிற முறையில் நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பிடித்துக்கொண்டவை சில. படுக்கையில் எழுதலாம் என்றால் எழுதவே மாட்டீர்கள். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு அதைக் கட்டிவிட வேண்டும். நான் கடைக் கதவின் பூட்டைப் போட முதல் எழுதுவேன், டயறியும் பேனையும் பூட்டோடுதான் இருக்கும். போனில் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. எழுத எடுத்தால் கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய வீடியோவில் போய் முடிகிறது. பெரிய சந்தோசங்களைத் தேடக் கூடாது, அவை மாதத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு நாள் விட்டுப் போனால் அடுத்த நாள் ஆறாகச் சேர்த்து எழுதுகிற வேலை வேண்டாம். அது வட்டிக் கணக்கு. மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கே எழுதுவது இயந்திரம்போல ஆனபோது கிழமைக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டேன். கலிபோர்னியாவில் இருக்கிற சோன்யா லுபோமிர்ஸ்கி என்கிற ஆராய்ச்சியாளரும், நன்மைகளைக் கிழமைக்கு மூன்று தரம் எண்ணியவர்களை விட ஒரு தரம் எண்ணியவர்களுக்கே பலன் தெரிந்தது என்று கண்டிருக்கிறா. தினமும் பாயாசம் குடித்தால் ருசி எங்கே இருக்கும்?

இனி நான் வெட்கப்படுகிற ஒன்று.

இந்த எழுத்து எனக்குப் பிடிபட்டவுடன் எனக்கு உபதேச வியாதி வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். 2009இல் மகனைத் தொலைத்த ஒரு அம்மா அடிக்கடி போட்டோக் கொப்பி எடுக்க வருவா. ஒரே கோப்புத்தான். லமினேட் பண்ணிய படம், பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் கொடுத்த விண்ணப்பம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டப் பந்தலுக்கும் போய் இருந்தவ. காசு வாங்க மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போய்விடுவா என்பதால் வாங்குவேன். அன்றைக்கு அவவிடமும், “அம்மா, ராவிலை நல்லது மூண்டு எழுதிப் பாருங்கோவன், மனதுக்கு ஆறுதலா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

கொப்பிகளை நுனி நுனியாகச் சேர்த்து அடுக்கினா. “என்ரை பெடியன் எங்கை எண்டு சொல்லு தம்பி. நான் ஒண்டு எழுதுறன்.”

எனக்கு வாய் எழும்பவில்லை. அடுத்த முறை உளவளத்துணையாளரிடம் இதைச் சொன்னேன். அவ என்னைக் கண்டிக்கவில்லை. சிலருடைய வலிக்குக் காரணம் அவர்களின் பார்வையில் இல்லை, வெளியில் இருக்கிறது, அதற்குப் பதில் வேறு இடத்திலிருந்து வர வேண்டும் என்றா. பிறகு, “அவ வந்தால் ஒரு தேத்தண்ணி குடுங்கோ. கதைக்க விருப்பம் எண்டால் கதைப்பா” என்றா. இப்போது அப்படித்தான். மெஷின் சூடாகிற நேரத்தில் தேத்தண்ணி. சில நாள் மகனின் கதை, சில நாள் மழைக் கதை. சில நாள் ஒன்றுமில்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: பயிற்சி என்பது தனக்குத்தான். மற்றவருக்குக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

எழுத்துப் பயிற்சியில் இன்னொரு வகை உண்டு. அது இதற்கு நேர் எதிர். நல்லதை அல்ல, உள்ளே கிடந்து குத்துகிறதை எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986இல் மாணவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் இருந்து வந்தது. நாலு நாள், நாளுக்குக் கால் மணித்தியாலம், எழுத்துப்பிழை பார்க்காமல், ஆருக்கும் காட்டாமல் எழுதுவது. எழுதின உடனே அவர்களுக்கு மனம் இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்திருக்கிறது.

எனக்கு அப்பாவின் சாவு. 2006 ஓகஸ்டில் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். அந்த நேரம் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையை முகமாலையில் மூடிவிட்டார்கள். அங்கேயே மாட்டுப்பட்டேன். அப்பா போன செய்தி ஒரு அறிவித்தலாகத்தான் வந்தது. கொள்ளி வைக்க நான் இல்லை. கப்பலில் இடம் கிடைத்து வந்து சேர்ந்தபோது அந்திரட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. இதை 16 வருடமாக நான் ஆருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லவும் என்ன இருக்கு, எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது.

முதல் இரண்டு இரவும் நித்திரை போய்விட்டது, சொல்லி வைத்தது மாதிரி. மூன்றாம் நாள் எழுதும்போது ஒரு புதுமை. கோபம் பாதை மூடினவன் மேலிருந்து மெல்ல மெல்ல என் மேல் திரும்பி, நான் ஏன் அந்தக் கிழமை போனேன், சாமான் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகும் என்று வந்து, நாலாம் நாள் அப்பாவே சொன்னது நினைவு வந்தது: “போட்டு வா, நோட்டுப் புத்தகம் முடிஞ்சுது, பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது.” என்னை அனுப்பினதே அவர்தான். அந்த வசனம் அவ்வளவு காலமும் எங்கே கிடந்ததோ தெரியாது.

அந்த நாலு பக்கத்தையும் ஸ்டேப்ளரால் சுற்றிவர அடித்துவிட்டேன். டயறிக்குள்ளேயே இருக்கிறது. திறப்பதில்லை.

ஆனால் இதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையின் கண்காணிப்பில்தான் செய்தேன், எழுதின ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்டா. தனிய இருக்கிறவர்கள், இழப்பு இன்னும் பச்சையாக இருக்கிறவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். எழுத எழுத நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது தோல்வி இல்லை.

எனக்குச் சரிவராதவையும் உண்டு. ஐந்து வருடத்தில் எல்லாம் நல்லபடி நடந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணி எழுதுகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. பேனையை எடுத்தால் மகன் இல்லாத வீடுதான் தெரிந்தது. இரண்டு நாளில் விட்டுவிட்டேன். இளம் ஆட்களுக்கு அது நல்லது என்று நினைக்கிறேன். என் மகன் அதைச் செய்து பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதினான், நான் வாசிக்கக் கேட்கவில்லை.

ஒரே நாளில் ஐந்து உதவி செய்கிற பயிற்சியும் செய்தேன். அதுவும் லுபோமிர்ஸ்கியின் ஆராய்ச்சிதான், ஐந்தையும் கிழமை முழுக்கப் பரப்பிச் செய்தால் பெரிதாகத் தெரியாதாம், ஒரே நாளில் செய்தால்தான் மனதுக்குப் படுமாம். நான் சனிக்கிழமையை எடுத்தேன். ஒரு பிள்ளைக்குப் பழைய வினாத்தாள் இலவசமாகக் கொப்பி, பக்கத்துக் கடைக்காரரின் காஸ் சிலிண்டரைச் சைக்கிளில் ஏற்றிக் கொடுத்தது, ஒரு ஐயாவுக்குப் பென்ஷன் படிவம் நிரப்பிக் கொடுத்தது, தெருநாய்க்குப் பாண், சந்நிதிக் கோயில் அன்னதானத்துக்கு அரிசி. இரவு பெருமையாக வாசித்துக் காட்டினேன். மனைவி கேட்டா: “ஊருக்கு அஞ்சு. வீட்டுக்கு எத்தினை?”

அடுத்த சனி கிணற்றடியைத் துப்புரவாக்கினேன்.

ருசித்து அனுபவிக்கிற பயிற்சி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் போனை எடுத்து வைத்துவிட்டு, கதைக்காமல், கொட்டை வெளிக்கும் வரைக்கும் தின்று பாருங்கள். 2010இல் வந்த ஒரு ஆராய்ச்சியில் 2250 பேரை நாளாந்தம் போனில் இடையிடையே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். விழித்திருக்கிற நேரத்தில் 46.9 வீதம், கிட்டத்தட்டப் பாதி, மனம் செய்கிற வேலையில் இல்லாமல் வேறெங்கோ இருந்திருக்கிறது. அப்படி அலைகிற நேரம் ஆட்கள் சந்தோசமாகவும் இல்லை. எனக்கு அது பாதி இல்லை, முக்கால். பண்ணைக் கடலோரம் பின்னேரம் காற்று வாங்கப் போய் நின்று, சூரியன் தாழ்ந்ததே தெரியாமல் லோன் கணக்குப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று சொல்லுகிற ஆட்கள் எங்களிடம் உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கட சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திரம் சொல்லுதல் ஆகியவற்றைத்தான் சிகிச்சைக்குள் எடுத்தவர். சைவக்காரருக்கு மந்திரம் என்றால் வேதக்காரருக்குச் செபமாலை. எங்கள் அம்மம்மா விளக்கு வைத்துவிட்டுத் தேவாரம் படிக்கிறபோது ஒரு மூச்சுக்கு ஒரு அடியாக இழுப்பா. அதை இப்போது நான் கடையில் நாலு மணிக்குச் செய்கிறேன், வாய்க்குள்.

கடைசியாக, நன்றிக் கடிதம். இதுதான் எனக்கு மிகப் பிடித்தது, கதையும் பெரிது.

வாழ்க்கையில் உதவி செய்த, ஆனால் நீங்கள் சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய் வாசிக்க வேண்டும். செலிக்மன் ஆட்களின் அதே ஆராய்ச்சியில், எல்லாப் பயிற்சியிலும் உடனடியாக மனதைத் தூக்கினது இதுதான். ஆனால் ஒரு மாதத்துக்குமேல் அது நிற்கவில்லை.

டயறியில் ஏன், ஏன் என்று பின்னால் போய்க்கொண்டிருந்தால் ஓரிடத்தில் 1995 ஒக்டோபர் 30 வந்து நிற்கும். போர் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவு. அம்மா, அப்பா, அக்கா, நான். மீசாலையில் ஒரு வீட்டுப் படலைக்குள் போனோம். ஏற்கெனவே நாற்பது பேர். அந்த வீட்டு அம்மா, “விறாந்தையிலை இடமில்லை, மாட்டுக் கொட்டிலைக் கூட்டி விட்டிருக்கிறன்” என்றா. 1996 சித்திரை வரை அங்கேதான். எனக்கு அப்போது 25 வயது.

கடிதம் எழுத மூன்று நாள் எடுத்தது. 2023 ஆனி மாதம் கொடிகாமம் பஸ்ஸில் ஏறிப் போனேன். ஒழுங்கை மாறியிருந்தது, வேலி மதிலாகியிருந்தது, மாமரங்கள் அதே மாமரங்கள். அந்த அம்மா ஆச்சியாகி விறாந்தையில் இருந்தா. எண்பது தாண்டியிருக்கும்.

நான் நின்றுகொண்டே வாசித்தேன். கை நடுங்கியது. மழை, மாட்டுக் கொட்டில், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நடுச்சாமம் கொத்தமல்லி அவித்துத் தந்தது, கிணற்றில் தண்ணி வற்றினபோதும் எங்களைப் போகச் சொல்லாதது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தா. “தம்பி, உங்களை எனக்கு ஞாபகம் இல்லையப்பு. எத்தினை சனம் வந்தது, எத்தினை சனம் போனது.” பிறகு, “கொத்தமல்லி அவிச்சிருப்பன். அது எல்லாருக்கும் அவிக்கிறதுதான்.”

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. 28 வருடம் நான் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு இரவு அவவுக்கு ஞாபகமே இல்லை. பஸ்ஸில் யோசித்துப் பார்த்தால் அதுதான் இன்னும் பெரிசாகத் தெரிந்தது. அவ எனக்கென்று ஒன்றும் செய்யவில்லை. வந்தவனுக்குச் செய்தா.

ஆனால் ஒன்று அவவுக்கு நல்ல ஞாபகம். மூக்குப்பேணி, அதுதான் மூக்கு வைத்த அந்தக் காலத்துத் தண்ணிப் பேணி. மாம்பழம் வெட்டித் தந்துகொண்டே சொன்னா: “என்ரை கலியாணத்துக்கு அம்மா தந்த மூக்குப்பேணி ஆறு. நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு எண்ணினன். அஞ்சு. ஆரெண்டு ஆரைக் கேக்கிறது?” அதைச் சொல்லும்போது கோபமில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

ஆவணி மாதம் நல்லூர்த் தேருக்கு அக்கா வீட்டில் எல்லாரும் கூடினோம். நான் மீசாலைக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. எழும்பிச் சாமியறைக்குள் போனா. படத்துக்கு முன்னால் பூத்தண்ணி வைக்கிற மூக்குப்பேணியைக் கொண்டு வந்து தண்ணியை ஊற்றிவிட்டுக் கவிழ்த்துக் காட்டினா. அடியில் “வே. செ.” என்று வெட்டியிருந்தது. எங்கட வீட்டில் ஆருக்கும் அந்த எழுத்து இல்லை.

“அம்மா சாகேக்கை தந்தவ. எங்கட அம்மம்மாட்டை இருந்து வந்தது எண்டெல்லோ நினைச்சனான்.”

சித்திரையில் அவசரம் அவசரமாக மூட்டை கட்டினபோது உள்ளே போயிருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாது. கேட்க ஆளில்லை.

இடைக்கிடை ஒரு விஷயம் எழுத மறந்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சிகள் மருந்துக்குப் பதில் இல்லை. என் பிரஷர் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை, பசி, வேலையில் பிடிப்பு எல்லாம் போய்விட்டால், அல்லது இருந்து என்ன பயன் என்று தோன்றினால், டயறி வாங்க என் கடைக்கு வர வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் கதைக்கலாம். தெரிந்த முகம் எதிரில் வந்தால் வரட்டும். அவரும் எதற்கோதானே வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அக்காவும் நானும் மீசாலைக்குப் போனோம். அக்கா புளி போட்டு மினுக்கிக் கொண்டு வந்திருந்தா. ஆச்சி இரண்டு கையாலும் வாங்கினா. கவிழ்த்துப் பார்த்தா. பெருவிரலால் அந்த எழுத்தைத் தடவினா. பிறகு மூக்குப் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா:

“உதை நெளிச்சுப் போட்டியள்.”